இலை வடிவ வாளா, வெட்டுக்கத்தியா?

கேள்வி: ஆசாரி அண்ணனுக்கு வணக்கம். அருமனைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் ரப்பரும் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் பாறசாலைப் பக்கம் ஒரு களரிக்குப் போய்ப் படிக்கிறேன். கம்பு முடிந்துவிட்டது, வாளுக்கும் பரிசை என்கிற கேடயத்துக்கும் ஆசான் இன்னும் விடவில்லை. நடுவில் அகன்று முனையில் கூம்புகிற இலை வடிவக் குட்டை வாள் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண். ஆன்லைனில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கிரேக்க மாதிரி, இருபுறமும் கூர், அலகு 22 அங்குலம். இன்னொன்று இரண்டாம் உலகப் போரில் கமாண்டோக்கள் வைத்திருந்த மாதிரிப் பெரிய கத்தி, அலகு 11 அங்குலம், அகலம் 3 அங்குலம். எங்கள் பக்கத்துக் கொல்லர் அதையே லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தருகிறேன் என்கிறார். பயிற்சிக்கும் ஆகணும், தோட்டத்துக்கும் ஆகணும், மீதி நேரம் சுவரில் மாட்டணும். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று மனைவி முணுமுணுக்கிறாள். எதை எடுக்கலாம்?

பதில்: தம்பி, முதலில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். காரணத்தை அப்புறம் சாவகாசமாகப் படியுங்கள். 22 அங்குல வாள் வேண்டாம். கமாண்டோக் கத்தியையும் படத்தில் இருக்கிறபடியே வாங்காதீர்கள். அந்த இலை வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒருபக்க வாயோடு, அதாவது ஒருபக்கம் மட்டும் கூரோடு, தோட்டத்துக்கு ஒரு வெட்டுக்கத்தி அடித்துக்கொள்ளுங்கள். களரிக்கு மரவாள் போதும். சுவருக்கு எதுவும் வேண்டாம், உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

அந்த வடிவத்தின் மேல் உங்களுக்கு ஆசை வந்ததில் தப்பே இல்லை. கண்ணுக்கு அதைவிட லட்சணமான அலகு கிடையாது. வேளிமலைக் குமாரசுவாமி கையில் இருக்கும் வேலைப் பாருங்கள், அதே இலைதான். ஆனால் அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதை எங்கே வைத்துக்கொள்ளலாம், எங்கே விட்டுவிடலாம் என்று புரியும்.

பழைய இலை வாள்கள் வெண்கலத்தில் வந்தவை. வெண்கலத்தை உருக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சை எந்த வடிவத்தில் செதுக்கினாலும் செலவு ஒன்றுதான், இடுப்பை ஒடுக்கி வயிற்றை அகட்டுவதற்குத் தனியாகக் கூலி இல்லை. நடுவில் தடித்த முதுகெலும்பு மாதிரி ஒரு வரம்பு ஓடும், அது அலகை வளையாமல் பிடித்துக்கொள்ளும். பின்னால் இரும்பு வந்தபோது கிரேக்கர்கள் அதே வடிவத்தை விடாமல் இரும்பிலும் செய்தார்கள். அவர்களுடைய சைபாஸ் என்னும் வாள் ஏறக்குறைய 50 முதல் 60 சென்டிமீட்டர் அலகு கொண்டது. ஸ்பார்ட்டாக்காரர்களுடையது இன்னும் குட்டை. ஏதென்ஸ்காரர் ஒருவர் அதைக் கேலி செய்ய, இந்தக் குட்டை வாளே எதிரியை எட்டிவிடுகிறதே என்று ஸ்பார்ட்டாவின் அரசன் பதில் சொன்னதாக ஒரு பழங்கதை உண்டு.

இரும்பை ஊற்ற முடியாது, அடித்துத்தான் அகட்ட வேண்டும். பட்டையைக் காய்ச்சி, வயிறு வருகிற இடத்தில் சம்மட்டியால் குறுக்கே அடித்துப் பரத்தினால் அகலம் கூடும், கனம் குறையும். இடுப்பில் அதற்கு நேர் எதிர். ரோமர்களின் கிளாடியஸ் முதலில் லேசாக இடுப்பு ஒடுங்கித்தான் இருந்தது. கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் பாம்பெய் வகை என்று இன்று சொல்லப்படுகிற நேர்ப்பக்க வாள் வந்தது. படைக்கு ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டிய இடத்தில் நேர்ப்பக்கம் வசதி. அவர்கள் ஏன் மாறினார்கள் என்று என்னைக் கேட்டால், ஒரு கொல்லனாக இதைத்தான் சொல்வேன்.

நீங்கள் பார்த்த கமாண்டோக் கத்திக்கு ஸ்மாட்செட் என்று பெயர். ஷாங்காய் நகராட்சிப் போலீசில் வேலை பார்த்துவிட்டு, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்குக் கைச்சண்டை சொல்லிக்கொடுத்த வில்லியம் ஃபேர்பேர்ன் என்பவரோடு அதன் பெயர் சேர்ந்தே வரும். ஒருபக்கம் முழு நீளத்துக்கும் கூர், மறுபக்கம் முனையிலிருந்து பாதி வரை கூர். கனத்தை முன்னால் தள்ளி வைத்திருப்பதால் வெட்டு பலமாக இறங்கும், கூம்பிய முனை இருப்பதால் குத்தவும் ஆகும். அதற்கு மேல் அதில் ரகசியம் ஏதும் இல்லை. நம் வெட்டுக்கத்தி முன்கனத்தோடு இறங்குவதும் அதே கணக்கில்தான். ஒரே வித்தியாசம், நம் கத்தி தேங்காய்க்கும் விறகுக்கும் செய்தது, அது மனிதனுக்குச் செய்தது.

இந்த வித்தியாசத்தைச் சட்டமும் பார்க்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் வாள், குத்துவாள், ஈட்டி எல்லாம் பெயர் சொல்லியே ஆயுதப் பட்டியலில் இருக்கின்றன. கத்தி வகையில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டாலோ, 2 அங்குலத்துக்கு மேல் அகன்றாலோ அதுவும் அந்தப் பட்டியலில் சேரும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்கென்று செய்தவைக்கு மட்டும் விலக்கு. எல்லோரும் நீளத்தைத்தான் அளக்கிறார்கள். இலை வடிவத்தில் மாட்டிவிடுவது அகலம். 8 அங்குலம்தானே என்று குட்டையாக ஒன்று வாங்கினாலும் வயிறு இரண்டேகால் அங்குலம் வந்துவிட்டால் தீர்ந்தது. உங்கள் 11 அங்குலக் கத்தி இரண்டு அளவிலும் தாண்டுகிறது. 22 அங்குலத்துக்கு அளவே வேண்டாம், அது வாள், அவ்வளவுதான். இந்த வகை ஆயுதத்தைச் செய்து விற்கவும் உரிமம் வேண்டும். இருபுறமும் கூர் வைத்துச் சண்டைக்கென்று யார் கேட்டாலும் நான் அடித்துத் தருவதில்லை. உங்கள் பக்கத்துக் கொல்லர் சரி என்றிருந்தால் அவரும் சேர்ந்துதான் மாட்டுவார். வீட்டில் வைத்திருப்பது பற்றிய கட்டுப்பாடு, மத்திய அரசு எந்தப் பகுதிக்கு அறிவிக்கை போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு வக்கீலிடம் போய் நேராகக் கேட்டுவிடுங்கள், ஆன்லைன் கடைக்காரன் சொல்வதை நம்ப வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குப் போகிறவர். இரண்டு மாநிலப் போலீஸ், ஒரே மத்தியச் சட்டம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் அரண்மனையில் உடைவாள் கைமாறி, சரஸ்வதியும் குமாரசுவாமியும் முன்னுதித்த நங்கை அம்மனும் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போகும்போது இரண்டு பக்கத்துப் போலீசும் நின்று மரியாதை செய்வார்கள். உங்கள் பைக்கில் துணி சுற்றி வைத்த வாளுக்கு அந்த மரியாதை கிடைக்காது.

சரி, இரும்புக்கு வருவோம். இலை வடிவத்தில் படத்தைப் பார்த்தால் தெரியாத ஒரு சங்கடம் சாணையில் இருக்கிறது. அகன்ற வயிற்றில் சரிவு நீளமாக ஓடி இறங்குவதால் வாய் மெலிந்து நன்றாக வெட்டும். ஒடுங்கிய இடுப்பில் அதே கனம் பாதித் தூரத்துக்குள் இறங்க வேண்டும், அதனால் வாய் தடித்து நிற்கும். ஒரே கத்தியில் இரண்டு விதமான வாய். கூர் போடும்போது இடுப்பு உள்ளே வளைந்திருப்பதால் தட்டையான கல் அங்கே படாது. கல்லின் இரண்டு ஓரங்கள்தான் தொடும், நடுவில் காற்று. தெரியாதவர்கள் அப்படியே தேய்த்துத் தேய்த்து, இரண்டு மாதத்தில் இடுப்பின் இரு முனையிலும் பள்ளம் விழ வைத்துவிடுவார்கள். அரைவட்ட அரமோ உருண்டையான கல்லோ வேண்டும். நீங்கள் ரப்பருக்குப் பால்வெட்டுக் கத்தி தீட்டுகிறவர், வளைந்த வாயைத் தீட்டுவது உங்களுக்குக் கைவரும். மற்றவர்களுக்கு நான் இடுப்பை ரொம்ப ஒடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். உங்களுக்கும் மூன்று மில்லிமீட்டர் ஒடுக்கினால் போதும், அழகு கெடாது.

எடையைக் கவனியுங்கள். 6 மில்லிமீட்டர் பட்டையில் நீங்கள் சொல்லும் 11 அங்குல இலையை வெட்டி எடுத்தாலே முக்கால் கிலோ வரும். இருபக்கமும் சரிவு இறக்கியபின் அரைக் கிலோ சொச்சம் நிற்கும். அதோடு பிடியும் சேர வேண்டும். லாரிப் பட்டை அதைவிடத் தடிமன். கொல்லர் அதை அடித்து மெலிக்கச் சோம்பல்பட்டு அப்படியே சாணை பிடித்தால் ஒரு கிலோவைத் தாண்டும். அரை மணி நேரம் வீசினால் மணிக்கட்டு சொல்லிவிடும். பிடியருகே 6 மில்லி இருந்தால் முனைக்கு இரண்டு அங்குலம் முன்பு 3 மில்லிக்கு வர வேண்டும். இதை வாயால் கேட்காதீர்கள், காலிப்பர் வைத்து அளந்து வாங்குங்கள். விரல்மேல் வைத்துப் பார்த்தால் பிடி முடிகிற இடத்திலிருந்து மூன்று நான்கு விரல்கடைக்குள் சமநிலை வர வேண்டும். அதற்கும் முன்னால் போனால் அது கோடாலி.

லாரிப் பட்டை கெட்ட இரும்பு கிடையாது. ஸ்பிரிங் எஃகு, கரி (கார்பன்) ஏறக்குறைய அரை சதவீதத்துக்குச் சற்று மேல், வளைந்து நிமிரும் குணம் உண்டு. ஆனால் பழைய பட்டை பல வருஷம் லோடு ஏற்றி வளைந்து வளைந்து வந்தது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் உள்ளே இருக்கலாம். எங்கள் பட்டறையில் இதற்கு ஒரு சோதனை செய்வோம். துருவைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டு மண்ணெண்ணெய் பூசிக் கொஞ்ச நேரம் ஊற விட வேண்டும். பிறகு துணியால் ஒரு சொட்டு இல்லாமல் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைத் தடவ வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் ஒரு கருங்கோடாக விழும். பென்சிலால் இழுத்த மாதிரி இருக்கும். அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான், அடித்து மூடிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. கையில் காசு இருந்தால் பயன்படுத்தாத புதுப்பட்டை வாங்குவது உத்தமம். விலையில் பெரிய வித்தியாசம் வராது, பாதி நாள் வேலை மிச்சம்.

அடுத்தது தோய்ச்சல். இருபுறக் கூர் வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவும் காரணம். நம்மூர்க் கொல்லர்கள் அரிவாள், வெட்டுக்கத்தி செய்து கைபழகியவர்கள். அலகைச் சிவக்கக் காய்ச்சி, வாயை மட்டும் தண்ணீரில் காட்டுவார்கள். வாய் இறுகும், முதுகு மென்மையாகவே நிற்கும், அடி வாங்கினாலும் ஒடியாது. பரம்பரை பரம்பரையாக வந்த கை அது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இருபுறமும் வாய் உள்ள அலகில் இது நடக்காது. ஒரு வாயைக் காட்டும்போது மறுவாய் ஆறிவிடும். முழுதாகத்தான் முக்க வேண்டும், அதுவும் எண்ணெயில். ஸ்பிரிங் எஃகை முழுதாகத் தண்ணீரில் போட்டால் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான், கத்தி போச்சு. காந்தம் ஒட்டாமல் போகிற சூட்டுக்குச் சற்று மேலே கொண்டுபோய், எண்ணெயில் இறக்கி, பிறகு மறுபடி மெல்லச் சூடேற்றி நிறம் பார்க்க வேண்டும். தேய்த்து வெள்ளையாக்கிய இரும்பில் முதலில் வைக்கோல் மஞ்சள் ஏறும், அப்புறம் பழுப்பு, ஊதா, 300 டிகிரி வாக்கில் நீலம். சவரக்கத்திக்கு மஞ்சளில் நிறுத்தலாம். இத்தனை நீள அலகை மஞ்சளில் நிறுத்தினால் கல்லில் பட்டதும் துண்டு தெறிக்கும், ஊதா தாண்டி நீலம் தொட வேண்டும். உங்கள் கொல்லரிடம் எண்ணெய்த் தொட்டி இருக்கிறதா, இரண்டாவது சூடு காட்டுவாரா என்று கேளுங்கள். அதெல்லாம் எதற்கு என்று சிரித்தால், அவரிடம் ஒருபக்க வாய் மட்டும் அடிக்கக் கொடுங்கள். அதை அவர் என்னைவிட நன்றாகவே செய்யக்கூடும்.

ஒருபக்க வாய் என்றால் இலை வடிவம் போய்விடுமோ என்று கவலைப்படாதீர்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் சுலு தீவுகளில் தௌசுக் மக்கள் வைத்திருக்கும் பாரோங் அப்பட்டமான இலை வடிவம்தான், ஆனால் ஒரே வாய், தடித்த முதுகு. தோட்ட வேலைக்கும் அதுதான் பாந்தம். முதுகில் கட்டைவிரல் வைத்து அழுத்தலாம், விறகு பிளக்கும்போது முதுகில் கட்டையால் தட்டலாம். கொப்பு வெட்டும்போது கத்தி எகிறினால் உங்கள் முகத்துக்கு வருவது முதுகு. இருபுறக் கூரில் என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டாம்.

ஆன்லைன் வாள் பற்றி இரண்டு வரி போதும். துருப்பிடிக்காத எஃகு, கண்ணாடி மாதிரி பளபளப்பு, விலை மலிவு என்றால் அது மாட்டி வைக்கச் செய்தது. பிடியைக் கழற்றினால் உள்ளே பென்சில் பருமனில் ஒரு கம்பியைப் பற்றவைத்திருப்பார்கள். வீசினால் அலகு தனியாகப் பறக்கும். பற்றவைத்த ஒட்டு இல்லாமல், அலகின் இரும்பே பிடியின் கடைசி வரை ஓடுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் விட்டுவிடுங்கள்.

உறை விஷயத்தில் இலை வடிவம் எல்லோரையும் படுத்தும். வயிறு அகலம் உள்ளே போக வேண்டுமென்றால் உறையின் வாயும் அதே அகலம் இருக்க வேண்டும். போனபின் இடுப்பு உள்ளே ஆடும், நடக்கும்போது கடகடவென்று சத்தம் போடும். ஒருபக்கம் திறந்து வைத்துப் பித்தான் வார் போட்டால் சமாளிக்கலாம். குடகுக்காரர்கள் உறையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவர்களுடைய அகலமான ஆயுதக்கத்தியை இடுப்புக்குப் பின்னால் தொடங்கு என்னும் பித்தளைக் கொக்கியில் செருகிக்கொள்வார்கள். நம் பனையேறிகள் பாளை அரிவாளை இடுப்புப் பெட்டியில் வைப்பதும் இதே யோசனைதான். எப்படியிருந்தாலும் தோல் உறைக்குள் வைத்தே மாதக்கணக்கில் விடாதீர்கள். நம் பக்கம் இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அலகைத் தின்றுவிடும். தையல் மிஷின் எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே, பிள்ளைக்கு எட்டாத பெட்டியில் பூட்டி வையுங்கள்.

களரிக்கு வருகிறேன். ஆசான் இன்னும் வாள் தரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் வாள் வாங்குவதற்கு முன் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கெட்டுகாரி என்னும் நீளக்கம்பு, சிறுவடி என்னும் குட்டைக்கம்பு, ஒற்றை என்னும் வளைந்த கம்பு, அதற்குப் பிறகுதான் இரும்பு என்று அவர்கள் ஒழுங்கு வைத்திருப்பது சும்மா இல்லை. வாளும் பரிசையும் வருகிறபோது அந்தக் களரியில் என்ன நீளம், என்ன எடை என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கும். கிரேக்க இலை வாள் அந்த அடவுகளுக்குப் பொருந்தாது. இப்போதைக்குப் புளிய மரத்தில் ஒரு வாள் செதுக்கிக்கொள்ளுங்கள். கனமாகவும் இருக்கும், அடிபட்டாலும் சிலும்பு தெறிக்காது. இலை வடிவ ஆசையை அதில் எவ்வளவு வேண்டுமானாலும் தீர்த்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

கத்தி அடிக்கக் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். தடித்த அட்டையிலோ பிளைவுட்டிலோ முழு அளவில் கத்தி வடிவம் வெட்டி, பிடிக்கு ஒரு துண்டுத் துணி சுற்றி, சில நாள் கையில் வைத்துப் பாருங்கள். ஒருபக்க வாய், முனை கூம்பாமல் சற்று மழுங்கல், கைக்கும் அலகுக்கும் நடுவே குறுக்குத் தடுப்பு வேண்டாம், முதுகில் முனையருகே சரிவு இறக்கிய பொய்க்கூர் வேண்டாம். இவை நான்கும் இருந்தால் பார்க்கிறவனுக்கும் அது தோட்டத்துக் கத்தியாகத்தான் தெரியும். உண்மையும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அலகு 10 அங்குலம், வயிறு இரண்டரை அங்குலம் இருந்தால் உங்கள் தென்னைக்கும் ரப்பர் கொப்புக்கும் தாராளம். பிடிக்கு அயினி மரம் போடச் சொல்லுங்கள், பலாவும் ஆகும். தோட்டத்தில் கிடக்கிறதே என்று ரப்பர் கட்டையில் போட்டுவிடாதீர்கள், ஒரு மழைக்காலத்தில் பூசணம் பிடித்து உளுத்துவிடும். பிடியின் நீளம் உங்கள் நான்கு விரல் அகலத்தோடு அரை அங்குலம் கூட, கடைசியில் சுண்டுவிரலுக்கு ஒரு கொண்டை. வேர்த்த கையில் கத்தி நழுவாமல் நிற்பது அந்தக் கொண்டையால்தான். அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் கொல்லரிடமே போங்கள். எண்ணெய்த் தொட்டி இல்லை என்றால் பரவாயில்லை, வாயை மட்டும் தண்ணீர் காட்டச் சொல்லுங்கள். ஆனால் அந்த மண்ணெண்ணெய்ச் சோதனையை உங்கள் முன்னால் செய்யச் சொல்லிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.